சோக்கை இழுத்தால் ஓடுகிறது

2011 ஆகஸ்ட் 21, ஞாயிறு

காலைப் பூசைக்குக் காரில் போனேன். போக ஒன்பது நிமிடம், வர ஒன்பது நிமிடம். எஞ்சின் சத்தம் ஒரே சீர். எண்ணெய் சரி. தண்ணீர் குறையவில்லை.

ஐஸ் பக்டறியில் முப்பத்தொரு வருடம் எஞ்சின் ஒப்பரேற்றராக இருந்தவனுக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போகாது. அங்கே மணிக்கு ஒரு தரம் கொப்பியில் எழுதவேண்டும்: எண்ணெய் அழுத்தம் இவ்வளவு, சூடு இவ்வளவு, குறிப்பு ஒன்றுமில்லை. இப்போது எழுதுவதற்கு எஞ்சின் இல்லாதபடியால் என்னைப் பற்றி எழுதுகிறேன். குறிப்பு ஒன்றுமில்லை.

மகன் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தான். சுகமோ என்றான், சுகம் என்றேன். நானும் கேட்டேன், அவனும் சுகம். நான்கு நிமிடம்.

மனைவி பிரான்சிஸ்கா கண்ணை மூடி ஏழு வருடமாகியும் அரிசி போடும்போது கை கூடுதலாகத்தான் போடுகிறது. மிச்சச் சோற்றை ஒழுங்கையில் நின்ற கழுதைக்கு வைத்தேன். அது பின்னேரம் வரை படலையடியில் நின்றது. வேறு யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 24, புதன்

தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. "கொன்சண்ணன், நான் றசாக் கதைக்கிறன்."

கொன்ஸ்ரன்ரைன் என்ற என் பெயரை இப்படிக் குறுக்கிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரு ஆள்தான். அப்துல் றசாக், அடுத்த வீட்டுக்காரர். 1990 ஒக்ரோபரில் ஆயுத இயக்கம் வடக்கிலிருந்த முஸ்லிம் சனத்தையெல்லாம் வெளியேறச் சொன்னபோது மனைவி ஆசியா உம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு கடற்கரையில் தோணி ஏறிப் போனவர். போகிற அன்று இந்தக் கார்ச் சாவியை என் கையில் வைத்து, "ஓட்டிக்கொள்ளுங்கோ அண்ணன், நிண்டா துருப்பிடிச்சிடும்" என்றார். நான் படலைக்கு உள்ளே நின்று வாங்கிக்கொண்டேன். கடற்கரை வரை போய் வழியனுப்பவில்லை. பயம். அதை இப்போது எழுதுவதில் என்ன வெட்கம்.

இடையில் மூன்றோ நான்கோ கடிதங்கள். பிறகு நானும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை.

நோன்புப் பெருநாள் முடிய வந்து காரை எடுத்துக்கொண்டு புத்தளம் போகிறாராம். ஓம், வாங்கோ என்றேன். போனை வைத்த பிறகு கதிரையில் நெடுநேரம் இருந்தேன். கார் அவருடையதுதானே. பின்னே என்ன?

ஆகஸ்ட் 31, புதன்

பெருநாள். காரைக் கழுவினேன். நேற்றும் கழுவினேன்தான்.

செப்ரெம்பர் 3, சனி

றசாக் வந்தார். பஸ்ஸால் இறங்கி நேரே என்னிடம் வரவில்லை. முதலில் தன் காணிக்குப் போனார். கூரையில்லை, கதவில்லை, நடுவீட்டில் ஒரு வேம்பு வளர்ந்து நிற்கிறது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். போகலாமோ கூடாதோ என்று தெரியவில்லை. அரை மணித்தியாலத்தால் அவரே வந்து, "அண்ணன் மெலிஞ்சுபோனீங்கள்" என்றார்.

தாடி முழுக்க நரைத்திருக்கிறது. குரல் மாறவில்லை. ஆசியா உம்மா எப்படி என்று கேட்டேன். "இருக்கிறா" என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

காரைப் பார்த்தவர் பொனற்றில் கையை வைத்தபடி நின்றார். ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஐம்பத்தெட்டாம் ஆண்டு வண்டி. நான் ஸ்ராட் பண்ணிக் காட்டினேன். ஒரே இழுவையில் பிடித்தது. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நாளையிலிருந்து ஆறு நோன்பு பிடிக்கப்போகிறாராம். பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற நோன்பு. நாளைய நோன்பை வீட்டுக்குப் போய்த் திறந்துகொள்வேன் என்கிறார்.

செப்ரெம்பர் 4, ஞாயிறு

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கு ஒரு உழவு மெசினில் கட்டி இழுபட்டுக் கார் வந்து சேர்ந்தது. அவர் உள்ளே ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, முகமெல்லாம் புழுதி.

தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகிற பாலம் தாண்டி உயிலங்குளத்துக்குக் கிட்டப் போனதும் குலுக்கல் தொடங்கியதாம். மிதித்தால் இழுக்கவில்லை, காபரேற்றருக்குள்ளால் தும்மல், பிறகு நின்றுவிட்டது. "சோக்கை இழுத்தா ஓடுது அண்ணன். விட்டா தும்முது."

என்னிடம் இருந்தபோது ஒருநாளும் தும்மாத கார்! அவருக்கு முன்னால் இப்படி மானத்தை வாங்கிவிட்டது. நாளைக்குச் சரியாக்கித் தருகிறேன் என்றேன்.

அந்தியில் மஃரிப் பாங்கு கேட்டதும் நோன்பு திறந்தார். நான் காய்ச்சிய கஞ்சி. உப்புக் கூடிவிட்டது. இரண்டு கோப்பை குடித்தார்.

செப்ரெம்பர் 5, திங்கள்

நான்கு பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். நுனி நான்கும் வெள்ளை. சரியாக எரிகிற எஞ்சினில் மண்ணிறமாக இருக்கவேண்டும். வெள்ளையென்றால் பெற்றோல் போதாது, காற்று அதிகம். சோக் காற்றை மறிக்கிறது, அதனால்தான் இழுத்தால் ஓடுகிறது. இவ்வளவும் விளங்குகிறது. காற்று எங்கே கூடுகிறது, அல்லது பெற்றோல் எங்கே குறைகிறது, அதுதான் கேள்வி.

ஆனாலும் பொயின்ற், கொன்டென்சர், பிளக் வயர் எல்லாம் மாற்றினேன். இந்த உப்புக் காற்றில் செம்பெல்லாம் பச்சை பிடித்திருந்தது. சந்தேகம் மிச்சம் வைக்கக்கூடாது.

றசாக் பக்கத்தில் பலகைக்கட்டையில் இருந்தபடி, மரை கழற்றுகிற சாவியை நான் கேட்கமுதல் எடுத்துத் தந்தார். முப்பது வருடம் லொறி ஓடினவர். கழற்றிப் பூட்டுவது என் வேலை, ஓட்டுவது அவர் வேலை என்று இருவரும் அந்தக் காலத்திலேயே பிரித்துக்கொண்டோம்.

செப்ரெம்பர் 6, செவ்வாய்

பெற்றோல் தாங்கியை இறக்கிக் கழுவினேன். துரு இருந்தது. பில்ரர் புதிது. காபரேற்றரைப் பிரித்து ஜெற் எல்லாம் ஊதினேன். பிறகு இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தோம். இருபத்திரண்டாவது நிமிடம் வரை நன்றாக ஓடியது. பிறகு அதே குலுக்கல், அதே தும்மல்.

சோக்கைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தோம். இப்படியே புத்தளம் வரை ஓடுவோமே என்றார். விடமாட்டேன் என்றேன். மதவாச்சி, அநுராதபுரம் சுற்றிப் போகிற தூரம், வால்வு எரிந்துபோகும்.

இருபத்தொரு வருடம் எனக்கு ஏன் இது தெரியவில்லை? கோயில், சந்தை, ஆசுபத்திரி. பதினைந்து நிமிடத்துக்கு மேல் நான் இந்தக் காரில் ஒரு இடமும் போனதில்லை. பாலத்தைத் தாண்டியதே இல்லை.

செப்ரெம்பர் 7, புதன்

காலையில், எஞ்சின் சூடேற முன்னம், எல்லாப் பொருத்துகளிலும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். எங்காவது காற்று இழுத்தால் எண்ணெயும் இழுபடும், எஞ்சின் சத்தம் மாறும். ஒரு இடத்திலும் மாறவில்லை. மண்டை காய்ந்துவிட்டது.

ஆனால் இதையும் எழுதவேண்டும். அவர் விறாந்தையில் தொழுகிறார். பிறகு பேப்பரைச் சத்தமாக வாசிக்கிறார், எனக்கென்றில்லாமல் தனக்கென்றும் இல்லாமல். வீட்டில் இன்னொரு ஆள் இருமுகிற சத்தம். நானும் பகலில் சாப்பிடுவதை விட்டுவிட்டேன், பசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு. பாங்கு கேட்கும்வரை இரண்டு பேரும் பேரீச்சம்பழத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். இன்றைக்கு மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "பிரான்சிஸ்கா அக்கான்ர கை இல்லை. எண்டாலும் பரவாயில்லை" என்றார். இருவரும் சிரித்தோம். இந்த வீட்டில் எப்போது கடைசியாகச் சிரித்தேன் என்று நினைவில்லை.

செப்ரெம்பர் 8, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

றசாக் காணி விஷயமாக அரச கந்தோருக்குப் போயிருந்தார். நான் செய்த பிழை ஆறின எஞ்சினில் தேடியது. சூட்டில் வருகிற கோளாறைச் சூட்டில்தானே பார்க்கவேண்டும். கார்க் கொட்டிலில் வைத்தே நாற்பது நிமிடம் ஓடவிட்டேன். குலுக்கத் தொடங்கியதும் எண்ணெய்க் கானோடு குனிந்தேன். காபரேற்றருக்குக் கீழே, காற்றும் பெற்றோலும் கலந்து எஞ்சினுக்குள் போகிற மனிபோல்ட் குழாயின் அடிப்பக்கம். சொட்டு விழுந்ததும் எஞ்சின் நிமிர்ந்தது. வெள்ளைப் புகை. நிறுத்தி, விரலால் தடவினேன். மெதுமெதுவென்று ஒட்டியது. மணந்து பார்த்தேன்.

குங்கிலியம். வள்ளத்துப் பலகை இடுக்குக்குக் காய்ச்சி ஊற்றுகிற குங்கிலியம்.

என் கைவேலைதான். வேறு யாருடையது? தொண்ணூற்றொன்றில் பெற்றோல் கிடைக்காத காலம், கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயில் ஸ்ராட் வராது. அதற்காக இந்தக் குழாயில் ஓட்டை துளைத்து, ஆசுபத்திரிச் சேலைன் குழாயைப் பொருத்தி, சிறு போத்தலிலிருந்து நாலு துளி பெற்றோல் சொட்டவிட்டுத்தான் எழுப்புவேன். ஒழுங்கையில் எத்தனை நோயாளிகளை அப்படி ஏற்றி இறக்கினேன். பெற்றோல் வந்த பிறகு ஓட்டையை அடைக்கத் தாழ்வுபாட்டு மீனவரிடம் ஒரு பேணி குங்கிலியம் வாங்கி வந்து ஊற்றி, மேலே அலுமினியப் பூச்சும் பூசினேன். கடலில் தண்ணீர் புகாமல் காக்கிற சாமான், காற்றையா விடப்போகிறது என்று நினைத்திருப்பேன். எஞ்சின் சூட்டில் அது இளகும் என்று ஐஸ் பக்டறிக்காரனுக்குத் தோன்றவில்லை. ஆறினால் இறுகி அடைக்கிறது. சூடேறினால் வழிவிடுகிறது.

ஒரு போல்ற் போதும். மரை வெட்டி, செப்பு வாசரோடு இறுக்கினால் ஒரு மணித்தியால வேலை.

றசாக் நாலு மணிக்கு வந்தார். "ஏதும் பிடிபட்டதோ அண்ணன்?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். பெற்றோல் பம்பிலும் ஒரு சந்தேகம், இன்னும் இரண்டு நாள் செல்லும் என்றேன்.

வாயில் வந்துவிட்டது. ஏன் சொன்னனான்? ஏன்? ஏனென்று எனக்குத் தெரியும்.

செப்ரெம்பர் 9, வெள்ளி

பழுதில்லாத பம்பைக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டினேன். அவர் ஜும்ஆவுக்குப் போய் வந்து, நான் பாடுபடுவதைப் பார்த்து, "அண்ணனுக்குக் கரைச்சல் தந்துபோட்டன்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறாவது நோன்பு இன்றோடு முடிந்தது. பேசாலையிலிருந்து வந்த பாரை மீன் வாங்கிப் பொரித்தேன். அவர் வழக்கத்தை விடக் குறைவாகப் பேசினார். இரண்டு தரம் வெளியே போய்ப் போனில் கதைத்துவிட்டு வந்தார். நான் கேட்கவில்லை. கேட்டால் போகிற கதை வந்துவிடும்.

எனக்குச் சந்தோஷம். எழுதக் கூசுகிறது, ஆனால் சந்தோஷம்.

செப்ரெம்பர் 10, சனி

எழுதவேண்டும். ஒன்றும் விடாமல் எழுதவேண்டும்.

காலை பத்து மணி. றசாக் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். மேசையில் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தரம் எடுத்துவிட்டேன். மகள் நசீறா. போகும்போது பத்து வயது, இப்போது பெரிய மனுசியின் குரல்.

"மாமாவா? வாப்பாட்ட சொல்லுங்கோ, உம்மாவுக்கு நேற்றும் இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோகேல்லை. சொன்ன வான் வரேல்லை. பஸ்ஸில ஏத்தேலாது, கால் ரெண்டும் வீங்கிப்போய்க் கிடக்கு. கார் எப்ப சரிவரும் மாமா? நீங்கள் ரெண்டு நாள் எண்டு சொன்னதா வாப்பா சொன்னவர்."

ஆசியா உம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாம். கிழமைக்கு இரண்டு தரம் தூரத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். கார் அதற்குத்தான். விற்க இல்லை, ஆசைக்கு இல்லை. அவர் எனக்குச் சொல்லவேயில்லை. நான் கேட்டால்தானே சொல்வார். "இருக்கிறா" என்றபோது நான் வாயை மூடிக்கொண்டவன்.

ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்.

அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தார். நசீறா சொன்னதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். ஓட்டை, குங்கிலியம், வியாழக்கிழமையே கண்டது, பம்பைச் சும்மா கழற்றியது.

அவர் துவாயைக் கதிரையில் போட்டார்.

"ஓட்டை போட்டதுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஓட்டச் சொன்னது நான்தான். ஏன் மறைச்சனீங்கள்?"

"நீங்கள் போயிடுவீங்கள் எண்டு."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொட்டிலுக்குப் போனோம். குங்கிலியத்தைச் சுரண்டி எடுத்து, மரை வெட்டி, போல்ற்றை இறுக்கினேன். ஐம்பது நிமிடம். அவர் சாவி எடுத்துத் தரவில்லை. காணி வேலியைப் பார்த்தபடி நின்றார். சூடேறும்வரை ஓடவிட்டேன். சோக்கை முழுக்க உள்ளே தள்ளினேன். எஞ்சின் ஒரு தும்மல் இல்லாமல் சீராக ஓடியது. சோறு வைத்திருந்தேன். நோன்பு முடிந்துவிட்டது, ஆனாலும் அவர் சாப்பிடவில்லை.

காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "காருக்காக நான் வந்தனான். ஆள் வேணுமெண்டா நீங்கள் வந்திருக்கலாம். இருபத்தொரு வருஷம் அண்ணன். இடையில எத்தினை தரம் பாதை திறந்தது. பஸ் ஓடினதுதானே."

நான் படலையை அகலத் திறந்துவிட்டேன்.

செப்ரெம்பர் 11, ஞாயிறு

பூசைக்கு நடந்து போனேன். போய்ச் சேர்ந்தாரோ தெரியாது. எடுத்துக் கேட்க முகமில்லை.

செப்ரெம்பர் 13, செவ்வாய்

நசீறா எடுத்தாள். சனிக்கிழமை பின்னேரமே வாப்பா வந்து சேர்ந்தாராம். வழியில் ஒரு குறையும் இல்லை. ஞாயிறே உம்மாவைக் கொண்டுபோய்க் காட்டி இரண்டு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள், இப்போது வீக்கம் வற்றுகிறது என்றாள். என்மீது கோபமாகப் பேசவில்லை. அவளுக்கு அவர் சொல்லவில்லைப் போலிருக்கிறது. அது இன்னும் கஷ்டம்.

வாப்பா பக்கத்தில் நிற்கிறாரா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, "நிக்கிறார்" என்றாள். போனை அவர் வாங்கவில்லை.

செப்ரெம்பர் 18, ஞாயிறு

மகன் எடுத்தான். சுகமோ என்றான். இல்லை என்றேன். அவன் பயந்துபோனான். எல்லாவற்றையும் சொன்னேன், குங்கிலியம் தொடங்கி. ஐம்பது நிமிடம் போனது. கடைசியில், "அப்பா, நீங்கள் எனக்கு இப்பிடி ஒரு கதையும் சொன்னதில்லை" என்றான்.

செப்ரெம்பர் 22, வியாழன்

பஸ் நிலையத்துக்குப் போய் நேரம் கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்ரெம்பர் 26, திங்கள்

இன்றைக்கும் போய்க் கேட்டேன். அதே பொடியன்தான் கவுண்டரில். "ஐயா, நேரம் மாறேல்லை" என்றான்.

ஒக்ரோபர் 2, ஞாயிறு, புத்தளம்

நசீறாவிடம் பேனை வாங்கி எழுதுகிறேன். என்னுடையது பஸ்ஸில் எங்கோ விழுந்துவிட்டது. பஸ் மூன்று மாறினேன். அநுராதபுரத்தில் பிழையான பஸ்ஸில் ஏறி, சிங்களம் வாயில் வராமல், ஒரு நல்ல மனுசன் கையைப் பிடித்து இறக்கி மற்றதில் ஏற்றிவிட்டான். அறுபத்தெட்டு வயதில் இப்படி வழி தவறினேன்.

மூன்று மணிக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். தகரக் கூரை, சின்ன வீடு. றசாக் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தண்ணீர்க் குழாயை மூடினார். வாங்கோ என்று சொல்லவில்லை. போங்கோ என்றும் சொல்லவில்லை. நசீறாதான் பையை வாங்கி உள்ளே கூட்டிப்போனாள்.

ஆசியா உம்மா கட்டிலில் சாய்ந்திருந்தா. ஆளே பாதியாகிவிட்டா. கையில் ஊசி போட்ட தழும்புகள். நான் செய்ததை அவவின் முகத்துக்கு நேரே சொன்னேன். என்னால் ஆசுபத்திரிக்குப் போவது இரண்டு தரம் தவறியது என்றேன். கேட்டுவிட்டுச் சீலையை இழுத்துக் கால்களை மூடினா. பிறகு பிரான்சிஸ்கா எப்படிப் போனா என்று கேட்டா. என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள். சொன்னேன். இருவரும் அழுதோம்.

தேத்தண்ணி குடித்தேன். எத்தனை நாள் நிற்பீர்கள் என்று நசீறா கேட்டாள். நாளைக்குக் காலைப் பஸ்ஸுக்குப் போகிறேன் என்றேன். ஒரு உடுப்புத்தான் கொண்டுவந்தேன். அதற்கு மேல் நிற்க எனக்கு என்ன உரிமை?

றசாக் வெளியே காரைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். யன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, திரும்பிப் பாராமல் சொன்னார்:

"நாளைக்கு அவவுக்கு ஆசுபத்திரி நாள். நீங்கள் காரில பின்னுக்கு இருந்து அவவைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. போறதைப் பிறகு பாப்பம்."

நசீறா எனக்கென்று ஒரு பாய் எடுத்து வந்திருக்கிறாள். காலை ஆறு மணிக்குப் புறப்படவேண்டுமாம்.